கையுறை பேசிய மீசை விவகாரம்

என் தங்கை மகள் தனப்பிரியாவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது, பேச்சும் வராது. ஆனால் அவளை மாதிரி வாயாடி திருச்செங்கோடு தாலுகாவிலேயே கிடையாது. எல்லாம் கையால்தான். அவளும் அவள் அம்மா சௌந்திரமும், வந்த விருந்தாளியை எதிரில் உட்காரவைத்துக்கொண்டே, அவர் சட்டைக் கிழிசலில் ஆரம்பித்து எப்போது இடத்தைக் காலி செய்வார் என்பது வரை கையாலேயே அலசி முடிப்பார்கள். விருந்தாளியோ, "பாவம், நல்ல புள்ள" என்று உச்சுக்கொட்டிவிட்டுப் போவார்.

அவள் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு ஸ்டிக்கர் கடையில் வேலை செய்கிறாள். லாரி முகப்பில் ஒட்டுகிற எழுத்தெல்லாம் அவள் வரைவதுதான். அங்கே ஸ்டிக்கர் ஒட்ட வந்த சங்ககிரிப் பையன் கௌசிக், ஒரே லாரிக்கு ஒன்பது முறை ஸ்டிக்கர் மாற்றினான். கடைசியில் லாரியில் பெயிண்ட் தெரியவில்லை. இவன் கைப்பேச்சு கற்றுக்கொண்டுவிட்டான். கட்டினால் அவனைத்தான் என்று இவளும் சொல்லிவிட்டாள்.

குறுக்கே நின்றது அவன் அப்பா சென்னியப்பன். லாரி ஆபீஸ் வைத்திருப்பவர். அவர் மீசையில் கயிறு கட்டினால் பழுதான லாரியை இழுத்துக்கொண்டு போகலாம். "ஊட்டுக்கு டிரைவரு, கிளீனருன்னு நாலு பேரு வந்து போற எடம். பேசற பொண்ணா இருந்தாத்தான் எடுப்பேன்" என்று ஒரே பிடியாக நின்றார்.

அதற்குத்தான் கௌசிக் அந்தக் கையுறையைக் கொண்டுவந்தான். அவன் சிநேகிதனான ஒரு இன்ஜினியர் செய்தது. இரண்டு கைக்கும் உறை, விரலுக்கு விரல் ஒயர், கழுத்தில் தாயத்து மாதிரி ஒரு ஸ்பீக்கர். எந்தச் சைகைக்கு என்ன வார்த்தை என்று தனப்பிரியாவே உட்கார்ந்து பதிந்தாள். வீட்டுக்குள் புழங்குகிற சைகை ஒன்றையும் விடவில்லை. கையை அசைத்தால், செய்தி வாசிக்கிற அம்மாள் குரலில் சுத்தத் தமிழ் வரும்.

சத்தம் வைத்தது நான். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். பேச்சென்றால் கடைசி சீட்டுக்குக் கேட்க வேண்டும் என்பது என் கொள்கை. முழுசாகத் திருகி வைத்தேன். காவிரி ஆற்றுக்கு அக்கரையில் மாடு மிரண்டதாகக் கேள்வி.

கௌசிக்கும் அவன் அப்பா அம்மாவும் பெண் பார்க்க வந்தார்கள். தனப்பிரியா கும்பிட்டுவிட்டுக் கையை அசைத்தாள். "வணக்கம். வாருங்கள். உட்காருங்கள்" என்றது கையுறை. சென்னியப்பனுக்கு முகமெல்லாம் பல்.

"அடடா! ரேடியோ கணக்கா இருக்குதுங்க மச்சான்!" என்றார் என்னிடம்.

எல்லாம் நல்லபடியாகப் போனது. காப்பி கொடுத்தாயிற்று, மிக்சர் தட்டு காலி. அப்போதுதான் சௌந்திரம், பழக்க தோஷத்தில், சமையலறை வாசலில் நின்றபடி மகளிடம் கையால் கேட்டாள்: எப்படி, ஆளுங்க?

மகளும் பழக்க தோஷத்தில் பதில் சொன்னாள்.

"மாமனார் மீசையில் பூசிய மை காப்பியில் ஒழுகுகிறது" என்று வீடதிர அறிவித்தது கையுறை. "அதையும் சேர்த்துக் குடித்துவிட்டார்."

சௌந்திரம் பதறி, நிறுத்து நிறுத்து என்று கையை உதறினாள். தனப்பிரியாவுக்குத்தான் காது கேட்காதே! கையுறை கத்துவது அவளுக்கு எப்படித் தெரியும்? புருவத்தைச் சுருக்கிக்கொண்டு தொடர்ந்தாள்.

"ஏன் கையை உதறுகிறாய்? அந்த அம்மா தங்கம். இந்த மனுஷனோடு எப்படித்தான் குடித்தனம் நடத்துகிறாரோ."

கௌசிக் எழுந்து அவள் எதிரில் நின்று சைகையில் விஷயத்தைச் சொன்னான். அவள் முகம் வெளுத்தது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். அங்கே விரல்கள் நடுங்க, "வாருங்கள், உட்காருங்கள், வாருங்கள், உட்காருங்கள்" என்று கையுறை உபசாரம் செய்தது.

சென்னியப்பன் எழுந்துவிட்டார். "கௌசிக், வண்டியெ எடு."

தனப்பிரியா கண்ணில் தண்ணீர் நின்றது.

அப்போது ஒரு சிரிப்பு கேட்டது. சென்னியப்பன் சம்சாரம் அங்காளம்மாள். வாயில் முந்தானையை அடைத்தும் அடங்கவில்லை.

"ஏனுங்க, உக்காருங்க. அந்த மையெத் தொலைங்கன்னு நானும் கண்ணாலம் ஆன நாள்ல இருந்து சொல்றேன். உங்க காதுல உழுந்துச்சா?"

"அதுக்காக இப்பிடியா, நாலு பேரு முன்னால..."

"பேசற பொண்ணுதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னது யாருங்க? புள்ள பேசிருச்சு. இன்னும் என்ன?"

சென்னியப்பன் என்னைப் பார்த்தார். நான் விட்டத்தைப் பார்த்தேன். அவர் துண்டால் மீசையைத் துடைத்தார். துண்டு கறுத்தது, மீசை வெளுத்தது. உட்கார்ந்தார்.

"செரி. ஆனா ஒண்ணு மச்சான். எங்கூட்டுக்கு வந்தா அந்த ஒறையெக் கழட்டவே கூடாது. சார்ஜு எறங்கவும் உடக்கூடாது. என்னெப் பத்தி என்ன பேசறாங்கன்னு எனக்குத் தெரியோணும்."

ஒப்புக்கொண்டோம். நிச்சயத்தன்று தாம்பூலத் தட்டில் தேங்காய், பழத்தோடு சார்ஜரையும் வைத்தேன். சாப்பாடு முடிந்து கை கழுவப் போன தனப்பிரியா, நனையாமல் இருக்கட்டும் என்று உறைகளைக் கழற்றி மாமனாரிடமே மரியாதையாகக் கொடுத்தாள்.

திரும்பி வந்தவள் எதிர்ப்பக்கம் சௌந்திரத்தோடு உட்கார்ந்தாள். நடுவில் அங்காளம்மாள், புதிதாகக் கற்றுக்கொண்ட விரல்களை ஆட்டிக்கொண்டு. மூன்று பேரும் வெறுங்கையால் பேசிப் பேசிச் சிரித்தார்கள்.

முழு சார்ஜில் இருந்த உறை சென்னியப்பன் மடியில் கிடந்தது. அவர் அதை இரண்டு முறை தட்டிப் பார்த்தார்.