பொய்யாய் வரைந்த ஓட்டை

1.

இந்தக் கதை மீன்ரொட்டி தின்னப் போன இடத்தில் கிடைத்தது. வட ஜெர்மனியில் கீல் நகரத்து மாதிரிக் கப்பல் சங்கம் வருஷத்துக்கு ஒருமுறை பள்ளிக்கூட விளையாட்டு அரங்கில் கண்காட்சி வைக்கும். கப்பலுக்காக நான் போவதில்லை. வாசலில் புளிக்க ஊறவைத்த மீனை வெங்காயத்தோடு ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள், அதற்காகப் போவேன். அப்படித் தின்றுகொண்டு நின்றபோது, பக்கத்தில் ஒரு நீர்மூழ்கி மாதிரியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த மனிதர் பல்லைக் கடித்தபடி "திருட்டுப் பய" என்றார்.

அந்த ஒரு சொல்தான் நிஜம். மிச்சமெல்லாம் நான் இட்டுக்கட்டியது. இதை நம்புவதா வேண்டாமா என்பது உங்கள் பாடு.

முதல் வரி இப்படி இருந்தது: கடல் அன்று சாம்பல் நிறத்தில்

[அடித்துவிட்டேன். இந்த ஊர்க் கடல் என்றைக்குத்தான் வேறு நிறத்தில் இருந்தது?]

இரண்டாவது: ஹென்னிங் அஸ்முஸன் தன் மனைவியைச் சந்தேகப்பட ஆரம்பித்தது ஒரு ஓட்டையினால்.

இது இருக்கட்டும்.

2.

ஹென்னிங் ஓய்வுபெற்ற நில அளவையாளர். வீட்டு நிலவறையில் உட்கார்ந்து போர்க்கால ஜெர்மன் நீர்மூழ்கிகளைச் சின்னதாகக் கட்டுகிறார். மனைவி ஸில்கே மேலே இருக்கிறாள். இருபது வருஷமாக இப்படித்தான்.

அந்தப் படகுகளின் பக்கவாட்டில், மூழ்கும்போது தண்ணீர் உள்ளே புகுவதற்காக வரிசை வரிசையாக ஓட்டைகள் உண்டு. கடையில் வாங்கும் பிளாஸ்டிக் பாகங்களில் அவை வெறும் பள்ளங்கள். மானமுள்ளவன் ஒவ்வொன்றையும் கையால் துளைத்து, ராவித் திறப்பான். ஒவ்வொரு கப்பல் பட்டறையும் ஓட்டைகளை ஒவ்வொரு மாதிரி வெட்டியது. வரிசையைப் பார்த்தே இது எந்தப் பட்டறையில் பிறந்தது என்று சொல்லிவிடுவார்கள் சங்கத்துக்காரர்கள், நாம் மூக்கைப் பார்த்து யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்வதைப் போல.

ஒரு பட்டறையின் வரிசையை ஹென்னிங் பழைய புகைப்படங்களிலிருந்து வரைந்தார். வரைந்து முடித்ததும் ஒரு காரியம் செய்தார். வால்பக்கம், கடைசியில், இல்லாத ஓட்டை ஒன்றைச் சேர்த்தார். யாராவது திருடினால் கையும் களவுமாகப் பிடிக்கலாமே! வரைபடத்தை மேசை இழுப்பறையில் பூட்டி, சாவியைத் திருகாணி டப்பாவில் போட்டார். டப்பா ஸில்கேக்குத் தெரியும்.

(இந்த மாதிரி ஆளை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நானும் கதையில் அங்கங்கே பொய்யை வைத்துவிட்டு எவன் எடுப்பான் என்று பார்க்கிறவன்தான்.)

3.

கண்காட்சியில் ஹென்னிங்தான் நடுவர்.*

சங்கத்தைச் சேர்ந்த யோர்ன் டீடமானின் படகு கடைசி மேசையில் இருந்தது. வெளிறிய சாம்பல் வண்ணம், உப்புக் கறை, ஓட்டைகளுக்குக் கீழே துரு வழிந்த தடம், படகின் நடுவே எழும் கண்காணிப்புக் கோபுரத்தருகே தொப்பியில்லாமல் ஒரு குட்டி ஆள், நூலைவிட மெல்லிய கம்பிகள். எல்லாம் கச்சிதம். ஹென்னிங் பூதக்கண்ணாடியோடு குனிந்தார். வால்பக்கம் கடைசியில் அந்த ஓட்டை இருந்தது.

"இது எங்கேருந்து வந்துச்சு?"

"துளைக்கருவிலேருந்து வந்துச்சு" என்றான் யோர்ன்.

"விளையாடாத."

"ஒரு போட்டோவுல இருந்துச்சுப்பா."

"இந்தப் பட்டறைப் படகோட போட்டோ எல்லாமே எங்கிட்ட இருக்கு."

"எல்லாமும் இல்ல."

"அப்ப காட்டு."

"அது என்னோடது இல்ல. காட்டலாமான்னு கேக்கணும்."

"யார்கிட்ட?"

யோர்ன் காபி வாங்கப் போய்விட்டான். அப்போதுதான் ஹென்னிங் அந்தச் சொல்லைச் சொன்னது, மீன்ரொட்டியோடு நான் நின்றிருந்தது.

யோர்ன் பெண்களை மயக்கும் சிரிப்புக்காரன்

[இல்லை. வயிறு மேசையைத் தொடுகிறது, மூக்குக்கண்ணாடியை மாலைபோல் தொங்கவிட்டிருக்கிறான், கார் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தியவன். இவனை வில்லனாக்க இரண்டு பக்கம் எழுதிக் கிழித்தேன்.]

ஆனால் சந்தேகத்துக்கு வில்லன் அழகாக இருக்க வேண்டியதில்லை. ஹென்னிங் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கணக்குப் போட்டார். வியாழக்கிழமை தான் நீராவிக் குளியலுக்குப் போய்த் திரும்பும்போது கழுவும் தொட்டியில் இரண்டு காபிக் கோப்பைகள் கிடந்தன. ஸில்கேயின் கட்டைவிரல் நகத்தில் ஒருமுறை சாம்பல் வண்ணம் ஒட்டியிருந்தது. "ஜன்னல் சட்டத்துக்கு அடிச்சேன்" என்றாள். அவர்கள் வீட்டு ஜன்னல் சட்டம் வெள்ளை. அப்போது அதை அவர் யோசிக்கவில்லை. இப்போது யோசித்தார்.

* சங்கத்து விதி இரண்டு. போர்க்கால ஸ்வஸ்திகக் கொடி கூடாது, அது சட்டம். படகின் மேல் ஆள் பொம்மை வைத்தால் மதிப்பெண் குறையும், அது ஹென்னிங்.

4.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெண்ணெய்க் கேக்கை ஸில்கே வெட்டிக்கொண்டிருந்தாள். இந்த இடத்தில் அவளுக்காக ஒரு பக்கம் பொய் எழுதி வைத்திருந்தேன். அவள் அதைச் சொல்ல மாட்டேன் என்றுவிட்டாள்.

"வியாழக்கிழமை யோர்ன் இங்க வர்றானா?"

"வர்றான்."

"எப்பலேருந்து?"

"குளிர்காலத்துலேருந்து."

"என் வரைபடத்தை அவனுக்குக் காட்டினியா?"

ஸில்கே கத்தியைக் கீழே வைத்தாள். "நீ இல்லாதப்ப ஒருத்தன் உன் பொண்டாட்டியப் பாக்க வர்றான். நீ வரைபடத்தக் கேக்கற."

"ரெண்டுந்தான் கேக்கறேன்."

"எதுக்கு வர்றான்னு மட்டும் கேக்கல."

ஹென்னிங்குக்குக் காது சிவந்தது. "அந்த ஓட்டை நானா வச்சது ஸில்கே. உலகத்துல எந்தப் படகுலயும் கிடையாது. எப்படி அவன் கைக்குப் போச்சு?"

"அவன் படகுல கோபுரத்துக்கிட்ட நின்னது யாரு?"

"யாரும் நிக்கலையே."

(நீங்களாவது கவனித்தீர்களா?)

"நிக்கிறாரு. நாந்தான் வண்ணம் அடிச்சேன். மூஞ்சி கெட்டுக்கெட்டுப் போச்சு, சுரண்டிச் சுரண்டி மறுபடி அடிச்சேன். நீ மதிப்பெண்ணாவது குறைப்பேன்னு நெனச்சேன். அதுகூடக் கண்ணுல படல உனக்கு."

அவள் எழுந்து போய் ஒரு புகைப்படத்தைக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"எங்கப்பா. நான் பொறக்கறதுக்கு முன்னாடி எடுத்தது. அவர் எந்தப் படகுல போனாருன்னு இத்தன வருஷத்துல ஒரு தடவ கேட்டிருக்கியா? கீழ உக்காந்து அதையேதான கட்டிட்டிருக்க?"

"நீயும் சொல்லலையே!"

"காட்டியிருந்தா பூதக்கண்ணாடிய எடுத்துட்டு வந்திருப்ப. எனக்கு அது தாங்காது. யோர்ன் ஒரு நாள் சும்மா கேட்டான், உங்கப்பா எப்படி இருப்பாருன்னு. அவ்வளவுதான்."

ஹென்னிங் கையை நீட்டினார். ஸில்கே படத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"பாரு. ஆனா திருப்பினதும் உன் வாயில முதல்ல என்ன வருதோ, அதக் கேட்டுட்டுதான் நான் ஹூஸும்ல அக்கா வீட்டுக்குப் போறதா வேணாமான்னு முடிவு பண்ணுவேன். பெட்டி கட்டியாச்சு."

5.

மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில், அந்த ஓட்டை படத்தில் இருக்கிறது. ஹென்னிங் பொய்யாய் வரைந்தது நிஜமாகவே இருந்திருக்கிறது. "இருக்கு!" என்று கத்துகிறார். ஸில்கே குளிர்க்கோட்டை எடுத்து மாட்டுகிறாள். [இப்படி ஒரு தற்செயலை யாரும் நம்பப்போவதில்லை. நானே நம்பவில்லை.]

இரண்டாவதில், படத்தில் ஓட்டை இல்லை. அப்படியானால் யோர்ன் சொன்னது பொய், சாவியும் வரைபடமும் கைமாறியிருக்கின்றன. "இல்ல பாத்தியா!" என்று கத்துகிறார் ஹென்னிங். ஸில்கே அதே குளிர்க்கோட்டைத்தான் எடுத்து மாட்டுகிறாள்.

மூன்றாவதில், ஹென்னிங் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "மோவாய் அப்படியே உன்னுது" என்கிறார். எழுதியபோது எனக்கே கண் கலங்கியது. மறுநாள் படித்தபோது சந்தேகம் வந்தது. எச்சரித்த பிறகு யார்தான் அப்படிச் சொல்ல மாட்டான்? பார்த்தது மோவாயையா, அல்லது படகின் வாலைப் பார்த்து முடித்துவிட்டு மோவாய்க்கு வந்தாரா? எழுதின எனக்கே தெரியவில்லை. ஸில்கேக்கு எப்படித் தெரியும்?

ஆகவே படம் கவிழ்ந்தே கிடக்கிறது. நான் தொடமாட்டேன். நீங்களே திருப்புங்கள்.

பட்டறை மேடையில், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி ஒரு இளைஞன் நிற்கிறான். குழந்தை பிறக்கப்போகிறது என்று அவனுக்குத் தெரியும். அதன் முகத்தைப் பார்க்கமாட்டான் என்று தெரியாது. அவனுக்குப் பின்னால் படகின் வால்பக்கம் தெரிகிறது.

உங்கள் கண் முதலில் எங்கே போயிற்று? யோசித்துச் சொல்லுங்கள். ஸில்கே உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.