உதட்டோரத்துச் சீனி

எங்கள் அண்ணன் கணேசமூர்த்தி தேயிலைத் தோட்டத்துச் சங்கத் தலைவர். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் அவர் வாயைத் திறந்தால் தொரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வார். தங்கச்சி ஜீவராணி கதை அளக்கிறாள் என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாராவது என்னைச் சொன்னால், அவர்களோடு எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அண்ணனின் வாயால் எங்கள் டிவிசனே பிழைத்தது.

அந்த வாய்தான் மாசி மாதம் ஒரு காலையில் கோணிக்கொண்டது. மூளைத்தண்டில் இரத்தம் அடைத்துவிட்டதாம். கை கால் ஓரளவு தப்பியது. நாக்கு மட்டும் சண்டி மாடு போலப் படுத்துக்கொண்டது. மூக்கில் குழாய் விட்டு, அதில் கஞ்சி ஊற்றச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த கிளினிக்குக்குள் நாக்கு அசையாவிட்டால் வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். வாயால் ஒரு வாய் சோறு உண்பதும் ஒரு சொல் பேசுவதும் அதோடு போய்விடும் என்றுதான் எங்களுக்குப் பட்டது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

அண்ணி மீனம்மா அழவில்லை. தினமும் முகச்சவரம், வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் பேனா. ஒரு சொட்டு எச்சில் உதட்டோரம் எட்டிப் பார்த்தால் போதும், அது கீழே இறங்குமுன் அண்ணியின் துண்டு அங்கே இருக்கும். அப்படி ஒரு நோயாளியை நீங்கள் எங்கும் பார்த்திருக்க முடியாது. மாப்பிள்ளை மாதிரி இருப்பார்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுப்பவள் டிலுக்ஷி. லிந்துலைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. நம் பிள்ளை ஒருத்தி அந்த வேலையில் இருக்கிறாள் என்பதே எனக்குப் பெருமை. போன வாரம் பயிற்சிக்குக் கூட்டிப் போனபோது, புளிக்கும் தேசிக்காய்ச் சாற்றைப் பஞ்சில் தொட்டு அண்ணனின் உதட்டோரம் வைத்தாள். அண்ணி உடனே துடைத்தார். மறுபடி வைத்தாள். மறுபடி துடைத்தார். டிலுக்ஷி துண்டைப் பிடித்துக்கொண்டாள்.

"மொகத்துல படுறத ஒரு நரம்பு மூளைத்தண்டுக்குக் கொண்டு போகுதுங்க அம்மா. நாக்க ஆட்டுற நரம்பும் அங்கருந்துதான் கெளம்புது. ஒதட்டுல ஒண்ணு பட்டா இது போயி அதுக்கிட்ட சொல்லும், நாக்கு தானா வந்து பாக்கும். கொழுந்து வெரல்ல பட்டதும் கை தானா கிள்ளுதில்ல, அது மாதிரிதான். ஐயாவுக்கு அந்த வழி முழுசா அடைபடல. ஆனா வேல குடுத்தாத்தான் தெறக்கும்."

"குடும்மா வேல. நானா தடுக்குறேன்?"

"நீங்கதான் அம்மா தடுக்குறீங்க. நாக்கு வர்றதுக்குள்ள துண்டு வந்துருது."

அண்ணிக்கு முகம் சிவந்துவிட்டது. பஸ்ஸில் ஹட்டன் தாண்டும்வரை துண்டை மடித்துப் பிரித்துக்கொண்டே வந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எச்சி வடிய அவர ஊரே பாக்கணுமா ஜீவா? பெரட்டுக்களத்துல அவரு நின்ன நெலைய பாத்தவங்க, இத பாக்கணுமா?"

எனக்கும் அதே வீம்புதான்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். பிஸ்கட் பக்கெட்டும் தோடம்பழமுமாக இஸ்தோப்புத் திண்ணை நிறைந்துவிட்டது. நான் பால் கலக்காத சாயத்தண்ணி ஊற்றினேன். எங்கள் பக்கம் சீனியைத் தேத்தண்ணியில் கரைத்து வீணாக்க மாட்டோம். உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டே குடிப்போம். எல்லோரும் அப்படித்தான் குடித்தார்கள். அண்ணன் அவர்களுடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தை பார்ப்பதைப் போல. பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

அண்ணி அதைக் கவனித்துவிட்டார். தன் விரல் நுனியை நனைத்து, உள்ளங்கைச் சீனியில் தொட்டு, அண்ணனின் உதட்டோரத்தில் வைத்தார். அத்தனை பேருக்கும் முன்னால். துண்டைச் சுருட்டித் தன் தொடைக்கடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்.

எச்சில் ஊறி வழிந்தது. தாடையில் இறங்கிச் சட்டையில் சொட்டியது. வந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். என் கை தானாக முந்தானையை எடுத்துக்கொண்டு போனது. பளீரென்று ஒரு அடி விழுந்தது புறங்கையில்.

"தொடாத!" என்றார் அண்ணி. பிறகு வந்தவர்களைப் பார்த்து, "ஏன் குனியிறீங்க? நிமிந்து பாருங்க. நம்ம தலைவர்தானே" என்றார். குரல் நடுங்கியது. தலை குனியவில்லை.

அண்ணனின் உதடு பிரிந்தது. உள்ளே ஏதோ நெளிந்தது. நடுங்கிக்கொண்டு, கோணலாக, நாக்கின் நுனி வெளியே வந்து உதட்டோரத்தைத் தடவிச் சீனியைத் தேடி எடுத்துக்கொண்டு உள்ளே போனது.

லயமே கை தட்டியது. நான் ஓவென்று அழுதேன். சட்டை நனைந்து, தாடை பிசுபிசுத்து, அண்ணன் அவ்வளவு அழகாக ஒருநாளும் இருந்ததில்லை.

கிளினிக் நாளன்று டாக்டர் அண்ணனின் குறிப்புகளைப் புரட்டிக்கொண்டே சிங்களத்தில், வயிற்றில் துளை போடச் சம்மதமா என்று கேட்டார். டிலுக்ஷி அதைத் தமிழில் சொல்லிவிட்டு, பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.

"நீ இரும்மா," என்றார் அண்ணி. முந்தானை முடிச்சிலிருந்து சீனியை எடுத்து அண்ணனின் உதட்டில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எச்சில் வழிந்தது. டாக்டர் ஒரு காகிதக் கைக்குட்டையை நீட்டினார். அண்ணி வாங்கவில்லை.

அண்ணன் டாக்டரை நேராகப் பார்த்து நாக்கை நீட்டினார்.

"தலைவர் பதில் சொல்லிட்டாரு," என்றார் அண்ணி. "இப்ப நீ சிங்களத்துல சொல்லும்மா."