இரண்டு இடது கைகள்

"படமா? எங்க ஆஸ்பத்திரியிலயா?" என்று கேட்டார் அலுவலக மேலாளர். தினமும் அந்தப் படத்தைத் தாண்டித்தான் அவர் சாப்பிடப் போகிறார். டீச்சருக்கு அந்தக் கேள்வியே பாதி நிம்மதியைத் தந்துவிட்டது என்பது பக்கத்தில் நின்ற மெக்கானிக்குக்குத் தெரிந்தது. யார் கண்ணிலும் படாத படத்தைச் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டு போய்விடலாம். டீச்சர் மெக்கானிக்கின் மனைவி. ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரே டீச்சர் என்று கூப்பிட, தாலி கட்டியவருக்கும் அதுவே வாயில் ஒட்டிக்கொண்டது.

"சும்மா வேணாம் சார். விலை போட்டுக் குடுங்க."

"அந்தப் பிரிவுல ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுத்துட்டுப் போங்கம்மா. எங்களுக்கென்ன."

மருத்துவமனையில் பிசியோதெரபி பிரிவு திறந்தபோது, வெறும் சுவரில் மாட்ட டீச்சர் வரைந்து கொடுத்த படம் அது. பெஞ்சில் ஒரு ஆள், இரண்டு உள்ளங்கையையும் முழங்கால்மேல் வைத்து உட்கார்ந்திருப்பார். அந்த ஆள் மெக்கானிக்தான். பிறகு பிள்ளைகள், பரீட்சைத் தாள்கள், கல்யாணங்கள் என்று ஓடிய ஓட்டத்தில் இருவருமே அதை மறந்துபோனார்கள். காலமெல்லாம் பஸ்ஸுக்கு அடியில் படுத்துக் கிடந்ததற்குக் கூலியாக அவருடைய தோள் போன மாதம் இறுகிக்கொண்டது. சிகிச்சைக்கு வந்து படுத்தவர் எதிர்ச் சுவரைப் பார்த்து, "டீச்சர், அது நான்தானே?" என்றார். டீச்சர் பெருமையோடு எழுந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போனார். அந்தப் பெருமை கண்ணாடி மாட்டும்வரைதான் நின்றது. படத்தில் இரண்டு கட்டைவிரலும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

நடந்தது இதுதான். முகம் முடியும்வரை பொறுமையாக உட்கார்ந்திருந்த மனிதர், ரோட்டில் ஏதோ பஸ் நின்றுபோச்சு என்று கேட்டதும் எழுந்து ஓடிவிட்டார். டீச்சரின் வலது கையில் தூரிகை. சும்மா இருந்தது இடது கை. அதைத் தன் முழங்கால்மேல் வைத்துப் பார்த்து, அதையே இரண்டு தடவை வரைந்துவிட்டார். மெக்கானிக் இதைக் கண்டதும், "அதான் எனக்கு ஒரு வேலையும் உருப்படியா வரலையா!" என்று பிரிவே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். சிரித்திருக்கக் கூடாது. வீடு வந்து சேரும்வரை டீச்சர் தன் இடது கையையே பார்த்துக்கொண்டு வந்தார். கை வரைய வராமல், மனிதர்களை முதுகுக்குப் பின்னால் கைகட்டி நிற்கவைத்த எத்தனை பிள்ளைகளை அவர் வகுப்பில் திட்டியிருப்பார்! "கையை ஒளிக்காதே. தப்பா வந்தாலும் பரவால்ல, வரை" என்பது அவருடைய வேதவாக்கு. இப்போது அந்த வேதமே அவரைத் தூங்கவிடவில்லை. மெக்கானிக்குக்கு மனசு கேட்கவில்லை. என்ன விலை கேட்டாலும் வாங்கிவிடலாம் என்று அவர்தான் கிளப்பிக்கொண்டு வந்தார்.

பிரிவுக்குப் போய்க் கேட்டதும், சிகிச்சை தரும் பெண் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டாள்.

"விக்கிறதா இல்லம்மா."

"சரி, விக்க வேணாம். அதுல ஒரு தப்பு இருக்கு. ஒரு வாரம் குடு, திருத்தித் திருப்பித் தந்துடறேன். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தங்கதான் வரைஞ்சாங்க."

வரைந்ததே அவர்தான் என்று சொல்ல வந்த மெக்கானிக் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஐயோ, திருத்தவே கூடாதும்மா! சாருக்கு நான் தோளைப் பார்க்கிறேன், நீங்க அந்த ஓரமா கொஞ்ச நேரம் உட்காருங்க."

அப்போது ஒரு லாரி டிரைவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பக்கவாதத்தில் விழுந்த வலது கை, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான்போல அவர் மடியில் கிடந்தது. "இது செத்த கைம்மா, இன்னைக்காவது விட்டுடு" என்றார். அந்தப் பெண் நாற்காலியைப் படத்தின் பக்கம் திருப்பிவிட்டு, மெக்கானிக்கின் தோளைப் பிசைய வந்துவிட்டாள்.

டிரைவர் படத்தை முறைத்தார்.

"ஏம்மா, இந்த ஆள் கையில என்னமோ கோளாறு."

"அப்படியா? எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றாள் அவள், திரும்பாமலே.

மனிதருக்கு ரோஷம் வந்துவிட்டது. இடது கையை முழங்காலில் வைத்துப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். பிறகு மடியில் கிடந்த கையைப் பார்த்தார். முதலில் வலது தோள் ஏறியது. முழங்கை இழுத்துக்கொண்டு பின்னால் வந்தது. மடியைவிட்டு மெல்ல நகர்ந்த கை, முழங்கால்மேல் போய் விழுந்தது.

"பாரு! எனக்கு உள்ள பார்க்குது கட்டைவிரல். அவனுக்கு வெளிய பார்க்குது!"

தான் என்ன செய்தோம் என்பதே அவருக்கு உறைக்கவில்லை. அந்தப் பெண் டீச்சர் பக்கம் திரும்பி, "நான் கெஞ்சினா வராத கைம்மா. இந்தப் படத்தைக் குறை சொல்றதுக்குன்னா வந்துடும்" என்றாள் மெதுவாக.

டீச்சரின் இரண்டு கையும் கைப்பைக்கு அடியில் புதைந்திருந்தன. அவருக்கு அழுகையா சிரிப்பா என்று இத்தனை வருஷம் கூட வாழ்ந்த மெக்கானிக்குக்கே பிடிபடவில்லை.

"எந்த மடையன்மா வரைஞ்சது இதை?" என்றார் டிரைவர், வெற்றிக் களிப்பில்.

மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. நான் எழுந்து ஓடாமல் உட்கார்ந்திருந்தால் இந்தப் பேச்சு வந்திருக்குமா, தப்பு என்னுடையதுதான் என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் டீச்சரின் கை பைக்கு அடியிலிருந்து வெளியே வந்தது. கேள்விக்கு விடை தெரிந்த பிள்ளை வகுப்பில் தூக்குவதுபோல, தலைக்குமேல் நேராக உயர்ந்தது. இடது கை.

டிரைவர் அந்தக் கையைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார். "அதே கைதான்" என்று முணுமுணுத்தவரின் வலது கை, சரிபார்த்துக்கொள்வதற்காக, முழங்காலைவிட்டு ஒரு விரல் உயரம் எழும்பியது.