முக்கால் மைல் கட்டில்

ஆறாம் வார்டில் தையல்காரம்மா படுத்திருந்த கட்டில் ஒரே மாதத்தில் முக்கால் மைல் நீண்டது. முதல் சில நாள் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. அந்த ஆஸ்பத்திரியில் எந்தச் சாமான் ஒழுங்காக இருந்தது, கட்டில் மட்டும் இருக்க? இனி வைத்தியமில்லை என்று தெரிந்த நோயாளிகளைக் கால்மாட்டில் நின்று பார்த்துவிட்டு நகர்வது அங்கே டாக்டர்களின் வழக்கம். பெரிய டாக்டரும் அப்படித்தான் நின்றார். கல்நெஞ்சக்காரர் இல்லை, பாவம். கையை விரிக்கத் தெரியாதவர், அவ்வளவுதான்.

தையல்காரம்மாவுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. ஒரே மகள் கப்பலில் சமையல் வேலை பார்க்கிறாள். சொல்லியனுப்பினால் வந்து சேரப் பத்து நாளாகும். "எனக்கு இன்னும் எத்தன நாள் டாக்டர்? பொண்ண வரச் சொல்லணும்" என்று தினமும் கேட்பார். "இன்னொரு டெஸ்ட் எடுத்துப் பார்த்துடலாம்மா" என்பார் டாக்டர். அவர் வாய் மூடுவதற்குள் கட்டில் நீளும். சுவரை இடித்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தபோது வெல்டிங்காரரைக் கூப்பிட்டு அறுத்தார்கள். மறுநாள் அது மருந்துக்கடையைத் தாண்டியிருந்தது. பிறகு வாசல், கடைத்தெரு. கேள்வியை நர்ஸ்கள் ஒருவர் மாற்றி ஒருவராகக் கால்மாட்டில் நின்ற டாக்டரிடம் கொண்டுவந்தார்கள். பதிலும் அப்படியே திரும்பிப் போனது.

ஒருநாள் காலையில் கேள்வி வரவில்லை. டாக்டர் கட்டிலின் ஓரமாகவே நடந்தார். தலைமாட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. தையல்காரம்மா கண்ணை மூடியிருந்தார், மூச்சு இருந்தது. டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அஞ்சு நாள் இருந்தா அதிகம்மா. எங்களால இனிமே ஒண்ணும் முடியாது. முன்னாடியே சொல்லியிருக்கணும்."

தையல்காரம்மா கண்ணைத் திறந்து கொஞ்சம் யோசித்தார்.

"அவ வரப் பத்து நாளாகுமே டாக்டர்."

அன்றே கப்பலுக்குத் தகவல் போனது. டாக்டர் வலி தெரியாமலிருக்க மருந்து கொடுத்தார், உதட்டை நனைத்தார், மகளைப் பற்றி அந்த அம்மா சொன்னதையெல்லாம் கேட்டார். மற்ற நாலு நாளும் அவ்வளவு தூரம் நடந்துதான் போனார்.

பத்தாம் நாள் மகள் பெட்டியோடு கடைத்தெருவில் இறங்கினாள். அங்கே இருந்த கால்மாட்டிலிருந்து அவளும் நடந்தாள். தலைமாட்டில் புது விரிப்பு போட்டிருந்தார்கள்.

கட்டில் சுருங்கவில்லை. இப்போது அதில் ஒரு லாரி டிரைவர் இருக்கிறார். எட்டு மணி ரவுண்டுக்கு டாக்டர் ஏழரை மணிக்கே நடக்கத் தொடங்கிவிடுகிறார்.