உள்பையில் நாலு மிட்டாய்

என் கணவருக்குச் சர்க்கரை இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். அன்று சாயங்காலமே எங்கள் வீட்டில் சர்க்கரை இல்லாமல் போயிற்று. அவருடைய அக்கா டப்பாவோடு தூக்கிக்கொண்டு போய் எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார். வெல்லம், தேன், பிஸ்கட், எனக்கென்று அலமாரியின் மேல்தட்டில் நான் ஒளித்துவைத்திருந்த சாக்லேட், எதுவும் தப்பவில்லை. எனக்குத்தான் சர்க்கரை இல்லையே, நான் எதற்குக் காபியைக் கஷாயம் மாதிரி குடிக்கவேண்டும் என்று கேட்டேன்.

"நீ குடிக்கிறத அவன் பாப்பான்ல?" என்றார். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

அக்கா எனக்கு நாத்தனார். அந்த உறவுக்கு உரிய லட்சணம் ஒன்றுகூடக் குறையாதவர். நான் துவைத்ததை மறுபடி அலசுவார், நான் பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பார். அம்மா இல்லாத வீட்டில் தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவர். தம்பிக்கு ஐம்பது வயதாகித் தொப்பையும் விழுந்துவிட்டது, இன்னும் இடுப்பிலிருந்து இறக்கிவிட மனசில்லை. கல்யாணம் செய்துகொள்ளாமல் ஓர் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்க்கிறார். காகிதம் அவர் கையில் சொன்னபடி கேட்கும். நான்தான் கேட்கமாட்டேன்.

சாப்பிட்டு முடித்ததும் என் கணவருக்கு வாயில் ஏதாவது இனிப்பு விழவேண்டும். சின்ன வயதிலிருந்தே அப்படி. டாக்டர் சொன்னதற்குப் பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை. தட்டைக் கழுவிவிட்டு அடுப்படி வாசலில் கொஞ்ச நேரம் சும்மா நிற்பார், அவ்வளவுதான். அந்த நிற்றலை அக்காவால் தாங்க முடியவில்லை. சர்க்கரை போடாமல் கேரமல் காய்ச்சி, முந்திரியும் பாதாமும் கலந்து, மேலே சாக்லேட் பூசி மிட்டாய் செய்யலாம் என்று யாரோ அச்சகத்தில் சொன்னார்களாம். மறுநாளே ஒரு பொட்டலம் வெள்ளைப்பொடியோடு வந்துவிட்டார்.

அந்தப் பொடி பார்க்கத்தான் சர்க்கரை, குணம் வேறு. அடுப்பில் எவ்வளவு நேரம் காய்ச்சினாலும் சிவக்கவில்லை. ஆறியதும் மணல் மணலாகப் பூத்தது. வாயில் போட்டால் பல் தேய்த்த மாதிரி ஒரு குளிர்ச்சி. என் கணவர் கண்ணை மூடிக்கொண்டு, "நல்லா இருக்குக்கா" என்றார். பொய் சொல்லும்போது அவருக்குக் காது அசையும். இரண்டாவது முறை வேறு ஏதோ பாகு வாங்கிவந்தார். ருசி குறைசொல்ல முடியாது, ஆசையாக ஆளுக்கு ஐந்தாறு தின்றோம். அன்று முழுக்க மூன்று பேரும் கழிவறை வாசலில் வரிசையில் நின்றோம். "வயித்த சுத்தம் பண்றதுக்கு நல்ல மருந்துக்கா" என்று நான் சொன்னபோது, வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அக்கா திரும்பிப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது.

மூன்றாவதாக ஒரு பொடி கிடைத்தது. அது சிவந்தது. ஆனால் ஒரு நொடி அசந்தால் கருகும், முன்னால் இறக்கினால் கூழாக நிற்கும். அக்கா விடவில்லை. வேலையிலிருந்து வந்ததும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்பு முன்னால் நின்றுவிடுவார். வெண்ணெயும் பாலேடும் சேர்த்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கிண்டுவார். கசப்புச் சாக்லேட்டைக் கொதிக்கும் நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்கும்போது என்னை அந்தப் பக்கமே விடமாட்டார். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் திரிந்து கட்டியாகிவிடுமாம், என் கை எப்போதும் ஈரமாம்.

ஒவ்வொரு மிட்டாயையும் வெண்ணெய்த்தாளில் சுற்றுவார். முறுக்க மாட்டார். புத்தகத்துக்கு அட்டை போடுவது மாதிரி நாலு மூலையையும் மடித்து உள்ளே செருகுவார். ஒட்டாமலேயே நிற்கும். அந்த மடிப்பு அவரைத் தவிர வேறு யாருக்கும் வராது. வீட்டுக்கு வருகிறவர்கள் கையிலெல்லாம் ஒன்று வைத்து, "தைரியமா சாப்பிடுங்க, இதுல சர்க்கரை இல்ல" என்பார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவேண்டும், பதக்கம் வாங்கினவர் முகம் அது.

இதற்கிடையில் என் கணவருக்கு மாத்திரை போதாமல் ஊசி எழுதிக்கொடுத்தார்கள். "அக்காகிட்ட சொல்லாத. சர்க்கரைன்னு கேட்டதுக்கே அவ சாப்பிடாம கிடந்தா. ஊசின்னா படுத்துடுவா" என்றார். நானும் வாயை மூடிக்கொண்டேன். ஊசியை எங்கள் கடையிலேயே வைத்து மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் போட்டுக்கொள்வார். எங்களுடையது சின்னக் கடை. அவர் பூட்டு ரிப்பேர் பார்ப்பார், சாவி வெட்டுவார். ஓரத்தில் தையல் மிஷின் போட்டு நான் பைகளுக்கு ஜிப் மாற்றுவேன்.

ஊசி போடுகிறவர்களுக்கு வேறொரு ஆபத்து உண்டு என்று டாக்டர் சொல்லியிருந்தார். போட்டுவிட்டுச் சாப்பிடத் தாமதமானால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும். அப்போது உடனே இனிப்பு உள்ளே போகவேண்டும், இல்லாவிட்டால் ஆளே நினைவு தப்பிவிடுவார். அதனால் அவருடைய காக்கிக் கோட்டின் உள்பையில் நாலு கடை மிட்டாய் போட்டுவைத்தேன். சுத்தச் சர்க்கரை. அக்காவின் மிட்டாய் வலது பையில், ஆசைக்கு. கடை மிட்டாய் உள்பையில், உயிருக்கு.

அன்று ஊசியைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு பெண் ஓடிவந்தாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வெளியே வந்தாளாம், கதவு சாத்திக்கொண்டதாம். "நீங்க சாப்பிடுங்க, அப்புறம் போகலாம்" என்றேன். பால் பொங்கிக்கொண்டிருக்கும்போது எந்தப் பூட்டுக்காரன் சாப்பிடுவான்? போய்விட்டார்.

பூட்டு தகராறு பண்ணியிருக்கும் போலிருக்கிறது, வெகுநேரம் கழித்துத்தான் வந்தார். சட்டை வேர்வையில் தெப்பலாக நனைந்திருந்தது. நாற்காலியில் உட்காராமல் என் தையல் மிஷின் இழுப்பறையில் வீட்டுச் சாவியைப் போட்டுத் திருகினார்.

"கதவ யாரு மாத்தினது?" என்று என்மேல் எரிந்துவிழுந்தார்.

எனக்குப் புரிந்துவிட்டது. "மிட்டாய எடுத்து வாயில போடுங்க. உள்பையில இருக்கு" என்றேன். துழாவி எடுத்தார். நானே பிரித்துக் கொடுத்திருக்கவேண்டும். சாப்பாட்டு டப்பாவை எடுக்கத் திரும்பினேன். அவர் ஒவ்வொன்றாக வாயில் போட்டு மென்றார். நாலும் போனதும் எனக்கு மூச்சு வந்தது. இனிமேல் சரியாகிவிடும் என்று பக்கத்தில் நின்றேன். சரியாகவில்லை. உதடு வெளுத்தது, தலை தொங்கியது, கூப்பிட்டால் பார்வை என்மேல் நிற்காமல் நழுவிப்போயிற்று.

அப்போதுதான் தரையைப் பார்த்தேன். நாலு வெண்ணெய்த்தாள். நாலிலும் அந்த மடிப்பு.

பக்கத்து டீக்கடைக்கு ஓடினேன். அந்த டீக்கடைக்காரர் சர்க்கரை போடுவதில் மகா கஞ்சன் என்று தெரு முழுக்கப் பேர். "சர்க்கரை" என்றுதான் சொன்னேன், டின்னையே தூக்கிக்கொண்டு எங்கள் கடைக்கு ஓடிவந்தார். தண்ணீரில் கெட்டியாகக் கரைத்து, என் கணவரின் தாடையைப் பிடித்துக்கொண்டு, "விழுங்குங்க, அண்ணே, விழுங்குங்க" என்று கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவைத்தார். நல்லவேளை, விழுங்கத் தெரிகிற அளவுக்கு நினைவு இருந்தது. கொஞ்ச நேரத்தில் நெற்றி வேர்வை நின்றது. பிறகு பார்வை வந்து என்மேல் நின்றது.

"ஏன் அழற?" என்று கேட்டார்.

சாப்பாடு ஊட்டிவிட்ட பிறகு, என் கையில் இருந்த தாள்களைப் பார்த்தார். அவருக்கும் அந்த மடிப்பு தெரியும்.

"அக்காகிட்ட சொல்லாத. செத்துடுவா."

"சொல்லாம இருந்ததாலதான் நீங்க சாகப் பாத்தீங்க" என்றேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே வந்தேன். அலசின துணி, இழுத்துப் பார்த்த கதவு, ஒளித்துவைத்திருந்த சாக்லேட், இத்தனை வருஷமாகச் சேர்த்துவைத்திருந்ததையெல்லாம் ஒன்றாகக் கொட்டிவிடுவது என்று இருந்தேன். கதவைத் திறந்தால் அக்கா தட்டோடு நிற்கிறார். முகமெல்லாம் சிரிப்பு.

"வந்துட்டீங்களா? இன்னிக்குத்தான் நிறம் சரியா வந்துச்சு. ஒன்ன எடுத்து வெளிச்சத்துல பாரேன்."

மிட்டாய் உண்மையாகவே அழகாக இருந்தது. அதுதான் என்னை இன்னும் எரித்தது.

"கோட்டு உள்பையில இருந்த மிட்டாய எடுத்தீங்களா?" என்றேன்.

அக்கா தம்பியைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "கோட்டு உள்துணி கிழிஞ்சிருந்துச்சு. தைக்கலாம்னு எடுத்தேன். கடை மிட்டாய் இருந்துச்சு. கேட்டா அவன் தலைய குனிஞ்சுக்குவான், பாவம். திருட்டுத்தனமா திங்கற அளவுக்கு ஆசை இருக்கேன்னுதான்... அத எடுத்துட்டு என்னோடத வெச்சேன். இருக்கற இடத்துல இருக்கட்டும், ஆனா கெடுதி பண்ணாம இருக்கட்டும்னு."

திட்டியிருக்கலாம். ஆனால் தம்பியின் தலை குனியக்கூடாது என்பதற்காக இப்படிச் செய்திருக்கிறாரே என்று தோன்றியபோது, அடுக்கிவைத்திருந்தது எல்லாம் சரிந்துவிட்டது. ஊசியைப் பற்றிச் சொன்னேன். நாங்கள் மறைத்ததைச் சொன்னேன். சர்க்கரை இறங்குவது என்றால் என்ன, அந்த மிட்டாய் எதற்காக இருந்தது, மத்தியானம் கடையில் என்ன நடந்தது, எல்லாம் சொன்னேன்.

அக்கா தட்டை மேஜைமேல் வைத்தார்.

"என் மிட்டாய் எத்தன சாப்பிட்டான்?"

"நாலு."

"நாலு சாப்பிட்டுமா சரியாகல?"

"அதுல சர்க்கரை இல்லையே, அக்கா" என்றேன்.

ஊர் முழுக்க அவரே பெருமையாகச் சொல்லித் திரிந்த வார்த்தை. அதை என் வாயிலிருந்து கேட்டதும் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

அழவில்லை, அழுதிருந்தால் தேவலை. எழுந்து போய்த் தட்டிலிருந்த மிட்டாயையெல்லாம் குப்பையில் கொட்டினார். சுத்தமாக இருந்த பாத்திரத்தைத் திரும்பத் திரும்பத் தேய்த்தார். "அக்கா, ருசி நல்லாத்தான் இருந்துச்சு" என்று என் கணவர் கிண்டல் பண்ணிப் பார்த்தார். அக்கா அவரை ஏறிட்டும் பார்க்கவில்லை.

காலையில் நான் எழுந்து வரும்போது மிட்டாய் அச்சுத்தட்டு, பாத்திரம், கரண்டி, மிச்சப் பொடி எல்லாவற்றையும் ஓர் அட்டைப்பெட்டியில் அடுக்கிக் கட்டியிருந்தார். பக்கத்தில் அவருடைய துணிப்பை.

"அச்சகத்துக்குப் பக்கத்துல ஒரு ரூம் காலியா இருக்காம்" என்றார். "இனிமே என் கையால அவனுக்கு எதுவும் வேணாம். நீ பாத்துக்க."

எத்தனை வருஷம் இந்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன். மனசுக்குள் ரூம் பார்த்து, அட்வான்ஸ் கொடுத்து, கட்டில்கூட ஏற்றி அனுப்பியிருக்கிறேன். இப்போது வார்த்தை வந்துவிட்டது. கேட்கச் சகிக்கவில்லை. இந்த மனுஷியை அனுப்பிவிட்டு நான் யாரோடு சண்டை போடுவது? அவர் இல்லாவிட்டால் என்னோடு சேர்ந்து என் கணவருக்காகப் பயப்பட இந்த உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள்?

மளிகைக் கடைக்குப் போய் ஒரு கிலோ சர்க்கரை வாங்கிவந்தேன். பெட்டியின் கயிற்றை அறுத்துப் பாத்திரத்தை வெளியே எடுத்து, இரண்டையும் அவர் முன்னால் வைத்தேன்.

"இத எதுக்கு வீட்டுக்குள்ள கொண்டுவந்த?"

"கடை மிட்டாய் கல்லு மாதிரி இருக்கு, கரைய நேரமாகுது. கடிச்ச உடனே பொடியாகணும். எனக்கு அந்தப் பதம் வராது. என் கை ஈரக் கை."

அக்கா சர்க்கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "முந்திரி சேக்கலாமா?" என்று கேட்டார்.

"கூடாது. வெண்ணெயும் முந்திரியும் சேந்தா சர்க்கரை ஏற லேட்டாகுமாம். வெறும் சர்க்கரைதான்."

"அதுல என் கைவேல என்ன இருக்கு?"

"நீங்க செஞ்சா அவர் பையில வெச்சுக்குவார். நான் சொன்னா மறந்துடுவார்."

அடுப்பைப் பற்றவைத்தார். சர்க்கரை இளகியது. ஓரத்தில் தேன் நிறம் தானாக வந்தது, பிறகு நடுவில். கிண்டவேண்டியிருக்கவில்லை. கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு அக்கா பார்த்துக்கொண்டே நின்றார். எத்தனை மாசம் அந்த நிறத்துக்காக அந்த அடுப்பிடம் மன்றாடியிருக்கிறார்.

"பாரேன்" என்றார். "இது கேக்காமலேயே வருது." சிரித்தார். சிரிப்பு பாதியில் உடைந்தது. நான் அவர் கையிலிருந்து கரண்டியை வாங்கி அடுப்பை அணைத்தேன். தோளில் கைவைத்தேன். தட்டிவிடவில்லை.

கண்ணாடி மாதிரி மெல்லிசாக ஊற்றி, ஆறியதும் துண்டு போட்டார். கடித்தால் நொறுங்கியது. பிறகு அச்சகத்திலிருந்து கொண்டுவந்திருந்த சிவப்புப் பைண்டிங் துணியில் ஒரு சின்னப் பை தைத்து, அதற்குள் போட்டார். சொரசொரப்பான துணி. "கண்ணு மங்கிப்போனாலும் கை கண்டுபிடிக்கணும்" என்றார். கோட்டை மாட்டிவிட்டுத் தம்பியை நடு அறையில் நிறுத்தினார்.

"கண்ண மூடு. எடு."

எடுத்தார்.

"திரும்ப வை. இப்ப எடு."

தொப்பை போட்ட ஐம்பது வயது ஆள் கண்ணை மூடிக்கொண்டு பையைத் துழாவித் துழாவி எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை வேண்டுமென்றே என் கன்னத்தைத் தடவி, "இதுவும் சொரசொரன்னுதான் இருக்கு" என்றார். அக்கா தலையில் ஒரு குட்டு வைத்தார்.

துணிப்பை அன்று சாயங்காலம் வரைக்கும் கதவோரத்தில் இருந்தது. பிறகு அதைக் காணவில்லை. யாரும் கேட்கவுமில்லை. அடுத்த வாரம் வலது பையிலும் அந்த மடிப்பு திரும்ப வந்தது. ஆனால் அதை இப்போது யாருக்குக் கொடுத்தாலும் அக்கா பெருமையாக ஒன்றும் சொல்வதில்லை. "இது ஆசைக்கு" என்கிறார், அவ்வளவுதான்.

இப்போதெல்லாம் நாங்கள் கடைக்குக் கிளம்பும்போது அக்கா வாசலுக்கு வருகிறார். வீட்டிலிருந்து ஒரு துளி விடாமல் துடைத்தெடுத்த அதே ஆள், தெருவுக்கே கேட்கிற குரலில் கேட்கிறார்:

"டேய், சர்க்கரை இருக்கா?"

என் கணவர் நெஞ்சைத் தொட்டுப் பார்க்கிறார்.

"இருக்குக்கா. எனக்கும் இருக்கு, பையிலயும் இருக்கு."

அதற்குப் பிறகுதான் கதவைச் சாத்துகிறார். நான் திரும்பிப் போய் அதை இழுத்துப் பார்த்துவிட்டு வருகிறேன்.