ஓய்வு நேரத்தில் ஏறிய அண்டா

கண்டக்டர் வியாகுலத்துக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் வம்புக்கு நீண்டதில்லை. காரைக்குடியிலிருந்து கிளம்பும் பஸ் மதியம் நெற்குப்பையில் மூன்று மணி நேரம் நிற்கும். அந்த நேரமெல்லாம் அவரும் டிரைவர் பொன்னழகும் வண்டியைக் கழுவுவார்கள், மூட்டை ஏற்றுவார்கள். எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம் என்று சட்டம் சொன்னது. அதைக் கேட்டு இருவரும் தொழிலாளர் அதிகாரியிடம் மனுப் போட்டார்கள். முதலாளி காசிவிஸ்வநாதனோ, வண்டி நிற்கும் நேரம் முழுக்க ஓய்வு, நான் வேலை எதுவும் சொல்வதில்லை என்று அதிகாரியிடம் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லிவிட்டார். ஆதாரம் இருந்தால் அடுத்த புதன்கிழமை கொண்டுவா என்று வாய்தா போட்டார் அதிகாரி. தோற்றால் வேலையும் போகும்.

வியாகுலம் அசரவில்லை. மறுநாள் நெற்குப்பையில் வண்டி நின்றதும் துண்டை விரித்து வேப்பமரத்தடியில் படுத்துவிட்டார். ஓய்வு என்றால் ஓய்வுதானே.

அன்றைக்குப் பார்த்து மாப்பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டிய முதலாளி மகளின் கல்யாணச் சீர், முதலாளியோடு அங்கே வந்து இறங்கியது. அண்டா, குத்துவிளக்கு, வெள்ளிச் சாமான். ராகுகாலத்துக்கு முன்னால் வண்டியில் ஏறியாக வேண்டும். மேலே ஏறிக் கயிறு கட்டத் தெரிந்த கை வியாகுலத்தின் கை ஒன்றுதான். பெண் வீட்டார் பட்டு வேட்டியோடு ஏணியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சம்பந்தி வீட்டு ஆட்களும் கூடவே நின்றார்கள்.

முதலாளிக்கு மானம் போனது. "வேலை நேரத்துல என்னடா படுக்கை? எந்திரி" என்றார்.

வியாகுலம் நிதானமாக எழுந்து உட்கார்ந்தார். "வேலை நேரம்னு எழுதிக் குடுங்க மொதலாளி. பஸ் நிக்கிற நேரம் பூராவும்னு எழுதுங்க. இந்தா ஏறிடுறேன்."

முதலாளி பல்லைக் கடித்தார். ராகுகாலம் நெருங்கிக்கொண்டிருந்தது. கையில் இருந்த காகிதம் கல்யாணப் பத்திரிகை ஒன்றுதான். அதன் முதுகில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். வியாகுலம் ஒரு சின்னக் கீறல்கூட விழாமல் சீரை ஏற்றிக் கட்டினார்; பகை மனிதனோடுதான், பெண்ணின் சீரோடு இல்லை.

புதன்கிழமை அதிகாரி பத்திரிகையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கையெழுத்து உங்களதுதானா என்று கேட்டார். மஞ்சள் தடவிய பத்திரிகை, உள்ளே மகள் பெயர். அதைத் தொட்டுப் பொய் சொல்ல எந்தத் தகப்பனுக்கு நாக்கு வரும்?

"என் கையெழுத்துத்தான்" என்றார் முதலாளி.

கம்பெனியின் எல்லா வண்டி ஆட்களுக்கும் நிற்கும் நேரமும் வேலை நேரமே என்று உத்தரவானது. வெளியே வந்ததும் பொன்னழகுக்குக் கண் கலங்கியது. வியாகுலம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"வாங்கண்ணே, வண்டிய எடுங்க. சனம் காத்துக்கிட்டு நிக்கிது."