செண்பகம் போட்ட பந்தல்

கும்மிடிப்பூண்டியில், புதிய ஆலைகள் எழும்பிக்கொண்டிருந்த பக்கமாகப் போகும் சாலையில் ஆதிநாராயணனும் அவர் மனைவி செண்பகமும் குடியிருந்தார்கள். மெட்ராஸில் ஒரு முதலாளியிடம் பல வருஷம் டிரைவராக இருந்துவிட்டு, அவர் கழித்துவிட்ட பழைய கறுப்புக் காரைத் தானே வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியவர் ஆதிநாராயணன். எழுபதுகளின் தொடக்கம் அது. அந்தப் பக்கத்தில் வாடகைக்குக் கிடைத்த கார் அது ஒன்றுதான். கல்யாணமோ ஆஸ்பத்திரியோ, எதற்கும் அவரைத்தான் தேடி வருவார்கள்.

வீட்டை ஒட்டி மூன்று பக்கமும் தகரம் அடித்து, மேலேயும் தகரம் போட்டு, முன்னால் இரட்டைக் கதவு வைத்து அவரே காருக்கு ஷெட்டு கட்டியிருந்தார். எலி நுழையாது, மழை ஒழுகாது. ஆனால் சித்திரை பிறந்துவிட்டால் அது அடுப்புதான். கதவைத் திறந்ததும் பெட்ரோல் வாடையோடு அனல் முகத்தில் வந்து அறையும். சீட்டில் உட்கார்ந்தால் வேட்டியை மீறித் தொடை சுடும்.

அப்படி ஒரு கோடையில், பக்கத்து வீட்டு ஞானம்மாவின் மகள் கிரேஸ் தலைப் பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருந்தாள். நடுப்பகலில் வலி எடுத்தது. பின்சீட்டில் கிரேஸைப் படுக்கவைத்து, அவள் தலையைச் செண்பகம் மடியில் தாங்கிக்கொண்டாள். கார் கிளம்பி, தெருமுனை தாண்டியதும் இருமிவிட்டு நின்றது. ஆதிநாராயணன் இறங்கி, பானட்டைத் திறந்து, இன்ஜினில் இருந்த பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி போட்டார். மறுபடியும் மறுபடியும் நனைத்தார். சாலையில் நிழல் இல்லை. கிரேஸ் பல்லைக் கடித்துக்கொண்டு செண்பகத்தின் கையை நெரித்தாள். ஞானம்மா முன்சீட்டில் கண்ணை மூடி ஜெபம் பண்ணினாள். ஒருவழியாக இன்ஜின் பிடித்தது. பொன்னேரி ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிய சற்று நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. நீலம் பாரித்துக் கிடந்த குழந்தை, நர்ஸ் தட்டத் தட்ட, கடைசியில் அழுதது.

திரும்பி வரும்போது காரில் அவர்கள் இருவர் மட்டும் இருந்தார்கள்.

“வண்டி மேல தப்பு இல்ல,” என்றார் ஆதிநாராயணன். “ஷெட்டு சூட்டுல பெட்ரோலு கொதிச்சி ஆவியாப் பூடுது. அப்புறம் இன்ஜின் இன்னா பண்ணும்?”

“வண்டிய நான் ஒண்ணும் சொல்லலியே. அத படுக்க வெச்சிருக்கிற எடத்தத்தான் சொல்றேன்,” என்றாள் செண்பகம்.

மறுநாள் உச்சிவேளையில் அவர் சாப்பிட வந்தபோது வீட்டில் செண்பகத்தைக் காணோம். ஷெட்டுக் கதவு சாத்தியிருந்தது. இழுத்துத் திறந்தார். உள்ளே காருக்குப் பக்கத்தில், முகமெல்லாம் சிவந்து, புடவை வியர்வையில் ஒட்டிப்போய் அவள் உட்கார்ந்திருந்தாள்.

“இன்னா, பைத்தியமா உனுக்கு?”

“குந்திப் பாத்தாத்தான்யா தெரியும். கீய அவ்ளோ இல்ல. எயுந்து நின்னா தல வேவுது. சூடு மேல போய் முட்டிக்கினு நிக்குது. வெளிய போவ வயி இல்ல.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “அந்த மேக்கால தகரம் இருக்கே, அதத் தொடவே முடியல.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவளோ அன்றைக்கே வேலையைத் தொடங்கிவிட்டாள். கூரைமேல் கோணிச் சாக்குகளைப் பரப்பி நனைத்தாள். ஷெட்டு குளிர்ந்தது உண்மைதான். ஆனால் மழைக்கு ஒழுகாத கூரை, சாக்கு நாளெல்லாம் ஊறிக் கிடந்ததில், தகர இடுக்கு வழியாகக் காரின் மேல் சொட்டியது. கிணற்றிலும் நீர் அடிக்குப் போய்விட்டது. குடிக்கிற தண்ணீரைக் கூரைக்கு ஊற்ற அவளுக்கே மனசு வரவில்லை. சாக்குகளை எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு அடித்தாள். அதில் சூடு கொஞ்சம் குறைந்தது.

பிறகு தச்சர் அரசப்பனைக் கூட்டிவந்தாள். கூரையை இன்னும் ஒரு முழம் தூக்கி, சுவருக்கும் கூரைக்கும் நடுவே இடைவெளி விடச் சொன்னாள். கீழ்ப்பக்கம் கிழக்கே ஒரு தகரத்தையும் கழற்றச் சொன்னாள். ஆதிநாராயணன் குறுக்கே வந்தார்.

“எவனாவது கை உட்டு எத்தையாவது எட்த்துக்கினு பூட்டான்னா?”

“கோயிக் கூண்டுக்கு அடிக்கிற கம்பி வல இருக்குதுல்ல? அத அடிச்சிட்டா காத்து வரும், கை வராது.”

அரசப்பன் ஆதிநாராயணனைப் பார்த்தார். ஆதிநாராயணன் சரி என்று தலையை ஆட்டினார்.

கூரைமேல் பனையோலை வேயலாம் என்று அவள் சொன்னபோது மட்டும் அவர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். “உள்ள பெட்ரோலு, மேல ஓலையா? அந்தாண்ட ரயிலு பொறி கக்கிக்கினு போவுது. ஒரு பொறி உயுந்தா தெருவே போயிடும் செம்பகம்.”

அவள் சற்று யோசித்தாள். “நீ சொல்றது நாயந்தான். காஞ்சது வேணா. பச்சையா இருந்தா எரியாதுல்ல?”

சுரை விதை ஊன்றினாள். கொடி ஏறித் தகரத்தின்மேல் படர்ந்த ஒரு வாரத்தில் இலைகள் அப்பளம் மாதிரி பொரிந்துபோயின. கருகிய கொடியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றவளைப் பார்க்க அவருக்குப் பாவமாக இருந்தது. விட்டுவிடுவாள் என்று நினைத்தார். அவள் விடவில்லை. மழைக்காலம் வந்ததும் கூரையைத் தொடாமல், தனிக் கால்கள் நட்டு, கூரைக்கு ஒரு கை உயரம் மேலே மூங்கில் பந்தல் போட்டு, அதில் சுரையை மறுபடியும் ஏற்றினாள். மேற்குச் சுவரை ஒட்டியும் மூங்கில் தட்டி ஒன்றை நிறுத்தினாள். குளிக்கிற தண்ணீரும் பாத்திரம் கழுவுகிற தண்ணீரும் வாய்க்கால் வழியாகக் கொடிக்குப் போயின. மாசி மாதத்துக்குள் கொடி பந்தலை மூடிவிட்டது. கூரைக்கும் இலைக்கும் நடுவே காற்று சலசலத்துக்கொண்டே இருந்தது.

அடுத்த கோடையில் கார் ஒரு நாள்கூடச் சண்டித்தனம் செய்யவில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஆதிநாராயணன் ஷெட்டுக்குள் போய், காருக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் பேப்பர் படிக்கத் தொடங்கினார். வண்டியைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். செண்பகம் கேட்டுக்கொண்டாள், சிரிக்கவில்லை.

கத்திரி வெயில் உச்சத்தில் இருந்த ஒரு நாள், அவர் பொன்னேரிக்கு ஒரு குடும்பத்தை இறக்கிவிடப் போயிருந்தார். இரும்பு ஆலையிலிருந்து வேலை முடிந்து திரும்பியவர்கள், தங்களோடு வந்த தாவீதைக் கைவண்டியில் போட்டுத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். உலைப் பக்கம் வேலை செய்கிறவன், வழியில் சுருண்டு விழுந்துவிட்டான். உடம்பு அனலாகக் கொதித்தது, ஒரு பொட்டு வியர்வை இல்லை. ஏதேதோ உளறினான்.

“அக்கா, அண்ணன் இல்லியா? காரு வேணும்,” என்றான் ஒருவன்.

“வர்ற நேரந்தான். அதுக்குள்ள உள்ள தூக்கியாங்க. ஊட்டுக்குள்ள வேணா, ஷெட்டுல படுக்க வைங்க.”

சிமெண்டுத் தரை சில்லென்று இருந்தது. அவன் சட்டையைக் கழற்றச் சொன்னாள். புடவை ஒன்றைக் கிழித்து நனைத்து, கழுத்திலும் அக்குளிலும் வைத்தாள். பந்தலடியில் இருந்த பானைத் தண்ணீரை உடம்பெல்லாம் தெளித்தாள். “சும்மா நிக்காதீங்க. ஆளுக்கு ஒரு அட்ட எடுத்து வீசுங்க,” என்றாள். ஒருவன் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தபோது தடுத்தாள். “நெனவு வரட்டும். இப்ப குட்த்தா பொற ஏறும்.”

மேலே இலை வழியாக இறங்கிய காற்றும், கீழே கம்பி வலை வழியாக வந்த காற்றும் ஈரத்தின்மேல் பட்டுக்கொண்டே இருந்தன. துணி சூடேற ஏற மாற்றினாள். வெகுநேரத்துக்குப் பிறகு தாவீது கண்ணைத் திறந்தான்.

“இது யாரு ஊடு?” என்று கேட்டான்.

“ஊடு இல்லப்பா, காரு ஷெட்டு,” என்றாள். இப்போது குடிக்கத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள்.

ஆதிநாராயணன் காரோடு வந்து சேர்ந்தபோது ஷெட்டு நிறைய ஆட்கள் நின்றார்கள். நடுவில் அவர் மனைவி ஈரப் புடவையோடு மண்டியிட்டிருந்தாள். அவர் உடனே தாவீதைத் தூக்கிக் காரில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். சில நாளில் தாவீது எழுந்து நடமாடத் தொடங்கினான்.

அதற்கப்புறம் இரண்டாவது ஷிப்டுக்குப் போகிறவர்கள் ஷெட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். கிரேஸ் தன் மகளை அங்கேதான் தூளியில் தூங்கவைத்தாள். ஆதிநாராயணன் பல நாள் காரைப் பூவரச மர நிழலில் விட்டுவிட்டு, உள்ளே இடம் கிடைக்குமா என்று எட்டிப்பார்த்துவிட்டு வீட்டுக்குள் போவார்.

“வண்டிக்குன்னு கட்ன ஷெட்டாச்சே, உனக்குக் கோவமே வரலியா நைனா?” என்று ஞானம்மா கேட்டாள்.

“நான் கட்னது அடுப்பு,” என்றார் அவர். “ஷெட்டு கட்னது அவ.”

மறுவருஷம் அந்தச் சாலையில் நான்கைந்து தகர வீடுகளுக்கு மேலே மூங்கில் பந்தல் எழுந்தது. தாவீதின் வீட்டில் அவரைக்கொடி, ஞானம்மா வீட்டில் பாகல். ஒவ்வொரு வீட்டுக்கும் செண்பகமே போய், கால் நட வேண்டிய இடத்தைக் காட்டிக்கொடுத்தாள். அந்த வழியாகச் சவாரி போகும்போது ஆதிநாராயணன் வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு பந்தலாகக் கை நீட்டிக் காட்டுவார்.

“அத்தினியும் எங்க ஊட்டுக்காரி சொல்லிக் குட்த்தது,” என்பார், வண்டியில் இருப்பவர்கள் கேட்காவிட்டாலும்.